அவர் மூடிய கேட்

லிவர்மோரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டோடு ஊர் முடிந்துவிடும். கொல்லைப்புற வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவரின் மேய்ச்சல் நிலம். எண்பதை நெருங்கிய வெள்ளைக்காரர். அந்தக் குன்றுகளில் வேலியே இல்லாத காலத்தில் மாடு ஓட்டிக்கொண்டு வந்த குடும்பமாம். நாங்கள் பார்க்கும்போது மூன்று பக்கமும் புது வீடுகள் அவரை நெருக்கிக்கொண்டிருந்தன. நிலத்தை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகச்சொல்லி மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். “என் கையால் ஒரு தப்பு நடக்கட்டும், அன்றைக்கே கிளம்புகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்” என்று வேலியோரம் நின்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தில் அத்தனை கர்வம்.

நானும் மாட்டிக்கொண்டுதான் இருந்தேன். குழந்தை பிறந்ததும் உதவிக்கு வந்த மாமியாருக்கு விசா முடிந்தது. டேகேரில் விட்டால் வாரா வாரம் காய்ச்சல். எல்லாரும் செய்வதுதானே என்று ஏழு மாதக் குழந்தையை அவரோடு சென்னைக்கு அனுப்பிவிட்டோம். அந்த வாரம் சான் ரமோன் ஆபீசில், மீட்டிங் நடுவே பால் கட்டி சட்டை நனைந்தது. ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு ஓடிவிடலாம் என்றால், பேப்பர் வரும்வரை நாட்டை விட்டு வெளியே போனால் கிரீன் கார்டு கேஸ் போச்சு என்றார் வக்கீல். எனக்கு அந்த வக்கீலையும் பிடிக்கவில்லை, என் வீட்டுக்காரர் இவரையும் பிடிக்கவில்லை, என்னையே பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கிழவர் வேலியோரம் வந்தார். தாயிடமிருந்து கன்றுகளைப் பிரிக்கப்போவதாகவும், கொஞ்சம் சத்தம் இருக்கும் என்றும் சொன்னார். “மூன்று நாள் கத்தும். நாலாம் நாள் மறந்துவிடும்.” கன்றுகளுக்கு வயது கேட்டேன். ஏழு மாதம் என்றார்.

கொஞ்சமா கத்தின? மண்பாதைக்கு இந்தப் பக்கப் பட்டியில் கன்றுகள், அந்தப் பக்கத்து மேய்ச்சலில் தாய்கள். தொண்டை கட்டிப்போன பிறகும் நிறுத்தவில்லை. காதைப் பொத்திக்கொண்டு இவரிடம் புலம்பினேன்.

“ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன். அது அவர் பிசினஸ், நாம இன்டர்ஃபியர் பண்ண முடியுமா?”

ஞாயிறு காலை இவர் கோயில் சமையல் வேலைக்கு உதவப் போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மண்பாதையில் நடந்தேன். ஒரு பசு கம்பியில் மார்பை அழுத்தி நின்றது. மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. பட்டியின் கேட்டைத் திறந்தேன். எதிர்ப்பக்க கேட்டையும் திறந்தேன். கன்றுகள் ஓடிப்போய் முட்டி முட்டிக் குடித்தன. நான் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். பல மாதங்களுக்குப் பிறகு சந்தோஷமாக வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டினேன்.

மாடுகள் வயிறு நிறைந்ததும் அங்கேயே நிற்கும் என்று எந்த மடச்சி நினைப்பாள்? நான் நினைத்தேன். மொத்த மந்தையும் மண்பாதை வழியாகப் புது வீடுகளின் தெருவுக்குள் இறங்கிவிட்டது. போலீஸ் வந்தது. ஒரு கன்று காரில் அடிபட்டுச் செத்தது.

இவர் வந்ததும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

“வாயைத் தொறக்காதே. க்ரைம் ஏதாவது பண்ணியிருக்கியான்னு கிரீன் கார்டு ஃபார்ம்ல கேக்கறான். கேஸ் போச்சுன்னா குழந்தைய எப்போ பாக்கப்போறே?”

மறுநாள் கிழவர் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றார். “மூடினேன் என்றுதான் நினைத்தேன். அறுபது வருஷமாக மூடுகிறேன். இரண்டையுமா மறப்பேன்?” என்று என்னைக் கேட்டார். நாக்கு நுனிவரை வந்தது. “இட்ஸ் ஓகே” என்றேன். அந்த மாதமே சொன்ன சொல் தவறாமல் இல்லத்துக்குப் போய்விட்டார். மாடுகளை லாரியில் ஏற்றிப்போனார்கள்.

அடுத்த வருஷம் எங்கள் கார்டுகள் வந்தன. ஓடிப்போய் மகளைக் கூட்டிவந்தேன். பக்கத்தில் படுக்கவே மாட்டேன் என்று என் கையைத் தள்ளிவிட்டாள். அவள் அழுகை சரியாக நாலாம் நாள் நின்றது. அழுதது பாட்டிக்காக.

அவள் வந்த அதே மாதம் கிழவர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனேன். இனி என் கேஸ் எங்கேயும் போகாது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடைசியில் ஒரே கேள்விதான். கேட்டை மூடினேனா, மூடினேனா என்று. மூடினீர்கள் அப்பா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்பாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.”

அது பொய் இல்லை என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல காரியம் செய்தீர்கள்” என்றேன்.