இடக்கைக் கோடுகள்

நேற்று பீட்ரூட் நறுக்கினேன். மூக்கில் ஏறியதென்னவோ ஏற்காட்டு மண். இரண்டுக்கும் ஒரே வாசனைதான்; நம்பாவிட்டால் ஒரு துண்டை முகர்ந்து பாருங்கள். எனக்கு அதை முகர்ந்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் கடைசியில், ஏரிக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவின் பின்கட்டில் சின்ன ஆய்வுக்கூடம் இருந்தது. நானும் ஒரு சீனியரும்தான் அங்கே வேலை பார்த்தோம். கூடப் பிறந்தவராகவே நினைத்து அவரை அண்ணா என்பேன். செம்மநத்தம் சரிவில், ஓர் ஆரஞ்சு மரத்தடி மண்ணில் எனக்கு ஒரு பாக்டீரியா கிடைத்தது. கண்ணாடித் தட்டில் முதலில் மொட்டையாக வளரும். பிறகு வெள்ளையாக முடி முளைக்கும்; கூடவே நீலமாக ஒரு மருந்து கசியும். வேறு கிருமி பக்கத்தில் எட்டிப் பார்க்காது. சில மட்டும் கடைசிவரை மொட்டை. அவற்றில் மருந்தும் இல்லை. உள்ளே ஒரு புரதம் இன்னொன்றை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், பிடியை விட்டால்தான் முடியும் மருந்தும் வரும் என்று அண்ணாவிடம் சொன்னேன். பஜாரில் பஜ்ஜி தின்றபடி எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

பாக்டீரியாவைத் தட்டில் கம்பியால் கோடிழுத்து வளர்ப்போம். நான் இடக்கைக்காரி. என் கோடுகள் எதிர்ப்பக்கம் சாயும். "கோலத்தைக் கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்குது கண்ணு" என்று அண்ணா சிரிப்பார்.

ஒரு மழைநாளில் அவர் தட்டுகளை வெளிச்சத்தில் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"வேற கிருமி கலந்துபோச்சு கண்ணு. எல்லாத்தையும் குக்கர்ல போட்டு அவிச்சுரு."

"எல்லாத்தையுமாங்கண்ணா?"

"வெச்சிருந்தா மத்ததும் நொம்பக் கெட்டுப்போயிரும்."

அவித்தேன்; குக்கர் ஆவியில் ஒரு கிருமியும் தப்பாது. விசில் வரும்வரை அழுதுகொண்டே நின்றேன்.

அடுத்த மாதம் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன், கையில் ஒரு பை ஆரஞ்சும் கொடுத்து. சில வருடம் கழித்து சேலத்தில் ஒரு நூலகத்தில் அவர் பெயர் போட்ட கட்டுரையைப் பார்த்தேன். ஒரு புரதம் இன்னொன்றைப் பிடித்துவைக்கிறதாம், விட்டால் முடியும் மருந்தும் வருகிறதாம். மேலே படம்: நீலம், வெள்ளை முடி, எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடுகள். என் தட்டு. அவிக்கச் சொல்லும் முன்பே ஒன்றை எடுத்து ஒளித்திருக்கிறார். கடைசி நன்றிப் பட்டியலில்கூட என் பெயர் இல்லை. பாவி மனுஷன், கோடுகளையாவது வலக்கையால் புதிதாகப் போட்டிருக்கக் கூடாதா?

அதே பாக்டீரியாவைத் திரும்பப் பிடித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு டப்பாவோடு செம்மநத்தம் போனேன். சரிவில் லாட்ஜ் நின்றது. ஆரஞ்சு மரம் இல்லை. காப்பிச் செடியும் இல்லை. ரோஜாப் பாத்தியோரம் மண் அள்ளக் குனிந்த என்னை வாட்ச்மேன் தடுத்தார்.

"ஏனுங்க, அது இந்த ஊரு மண்ணே இல்லீங்க. கீழ சேலத்துல இருந்து லாரில கொண்டாந்து கொட்டுனதுங்க."

காலி டப்பாவோடு பஸ் ஏறினேன். என் பாக்டீரியா இன்று எங்கேயாவது உயிரோடு இருந்தால், அது அவருடைய ஃப்ரிட்ஜில்தான்.