சனி, ஞாயிறில் வராத பேய்

பேயைக் கண்டால் பிள்ளைகள் ஓடுவார்கள். நானும் ஓடினேன். ஆனால் சூடு வெளியே போய்விடக் கூடாதென்று கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியும் போட்டுவிட்டுத்தான் ஓடினேன். அப்படிப் பழக்கி வைத்திருந்தார் சித்தப்பா.

அப்போது எனக்குப் பதினொரு வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மல்வேர்னில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்த சித்தப்பா, பின்வளவுக் கொட்டிலில் எட்டுத் தொட்டிகளில், சூடான தண்ணீரில் மட்டும் வாழும் டிஸ்கஸ் மீன் வளர்த்தார். தொட்டிக்கு ஒரு ஹீட்டர் வைப்பது மடைத்தனம், அறையைச் சூடாக்கினால் தண்ணீர் தானாகச் சூடாகும் என்பது அவருடைய வேதம். சுவர், கூரை, தரை எல்லாம் ஃபோம் பலகை. நடுவில் ஒரேயொரு எண்ணெய் ஹீட்டர். கூரையில் பனி உருகாமல் கிடப்பதைக் காட்டி, உள்ளேயிருந்து ஒரு துளிச் சூடும் தப்பவில்லை என்று பெருமைப்படுவார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தண்ணீரின் சூட்டையும், ஹீட்டர் இழுத்த கரண்டைக் காட்டும் சின்ன மீட்டரையும் பார்த்துக் கொப்பியில் எழுதுவது என் வேலை. எனக்கு அது விஞ்ஞானி உத்தியோகம்.

அந்தத் தை மாதம் கணக்கு உதைத்தது. தண்ணீர் வழமைபோல இருபத்தொன்பது பாகை. வெளியே குளிர் கூடிக்கொண்டு போனது. ஹீட்டரோ முன்பைவிடக் குறைவாகத்தான் கரண்ட் இழுத்தது. மிச்சச் சூட்டை வேறு ஏதோ ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தது. அதுவும் திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும்.

சித்தப்பா சந்தேகப்பட்டது என்னை. ஒரு சோடி மீன் முட்டையிட்டிருந்த நேரம், சூடு இறங்கினால் எல்லாம் போய்விடும்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை, மீட்டரைப் பாக்காமல்தானே எழுதினனீ?"

இன்னொரு பிழை வந்தால் கொப்பி தம்பியின் கைக்குப் போகும் என்றார். தம்பிக்கு ஐந்து வயது. இலக்கங்களைத் தலைகீழாக எழுதுவான். என் மானம் கப்பலேறியது.

அதன்பிறகுதான் கவனித்தேன். பூட்டிய கொட்டிலுக்குள் சம்பல் வாசம். தொட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் ஒரு பெரிய உள்ளங்கை. இந்த மீன்கள் தீன் போடுகிற ஆளின் பக்கமாகக் கூடுகிறவை. நான் வாசலில் நிற்க, எட்டுத் தொட்டி மீன்களும் பின்மூலையைப் பார்த்தபடி நின்றன. அங்கே ஒருவரும் இல்லை.

கதவுக்குத் திருநீறு பூசினேன். அடுத்த நாளும் கரண்ட் குறைந்தது. சைவப் பேய் என்று முடிவு செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. அம்மா வேலைக்குப் போனபின், கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று நடுப்பகலில் போனேன். வெளிக் கொண்டி திறந்திருந்தது. உள்ளே இருட்டு. தொட்டிகளில் காற்றுக் குமிழிகளின் சத்தம். அதற்கு நடுவே, ஆறுதலாக, ஒரு மூச்சு. என் கை சுவிட்சைத் தேடியது.

"லைட்டைப் போடாதை," என்றது பின்மூலை. "மீன் வெருளும்."

அது அப்பாவின் குரல். அப்பாவோ காலை ஆறு மணிக்கே சாப்பாட்டுப் பையோடு பிக்கரிங்கில் உள்ள தொழிற்சாலைக்குப் போனவர். ஆகவே பேய் அப்பாவின் குரலைத் திருடியிருந்தது. கொண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். உள்ளேயிருந்து கதவைத் தட்டி, என் பேர் சொல்லிக் கூப்பிட்டது. நான் குசினி மேசைக்குக் கீழே புகுந்துகொண்டேன், வரும்போது டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டு.

ஐந்து மணிக்கு வந்த சித்தப்பா, குப்பை கிளற வருகிற ரக்கூனாகத்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டு தும்புத்தடியோடு போனார். நெடுநேரம் திரும்பவில்லை. அவரையும் தின்றுவிட்டது என்றே நினைத்தேன். பிறகு அவரும் அப்பாவும் முன்வாசலால் ஒன்றாக வந்தார்கள். பஸ் ஸ்டொப்பில் கண்டாராம். அப்பாவின் தலைமயிர் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. நான் பேயின் குரலை நடித்துக் காட்டியபோது அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டேயிருந்தார்.

"உன்ர கொப்பி சரி பிள்ளை, நான்தான் பிழையா நினைச்சிட்டன்," என்றார் சித்தப்பா. "அம்மாட்டைச் சொல்லாதை. அவ பயந்திடுவா."

அடுத்த நாள் அவர் கொட்டிலுக்குள் ஒரு மடக்குக் கதிரையும் தலையணையும் கொண்டுபோய் வைத்தார். பேய்க்குக் கதிரை கொடுத்த வீடு எங்களுடையது என்று வகுப்பில் பீற்றினேன்.

அப்பாவின் தொழிற்சாலை ஆங்கிலப் புதுவருஷத்தோடு மூடப்பட்டதும், ஓர் ஆளின் உடம்புச் சூடே அந்தக் கொட்டிலுக்கு ஒரு சின்ன ஹீட்டர் என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பத்து வருஷம் இருந்தது. பங்குனியில் ஒரு திங்கட்கிழமை ஹீட்டர் பழையபடி கரண்ட் இழுத்தது. அன்று பின்னேரம் அப்பா ஏன் கேக் வாங்கி வந்தார் என்று விளங்காமல், பெரிய துண்டாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, பேய் எங்களை விட்டுப் போய்விட்டதே என்று அவர் மடியில் இருந்துகொண்டு அழுதேன்.