மாடிக்குப் போன நீலக் கேபிள்

மாடியிலிருந்து இறங்கி, துணிக்கொடியோடு சேர்த்துக் கட்டப்பட்டு, ஜன்னல் வழியே கூடத்துக்குள் நுழைந்த அந்த நீலக் கேபிளை நான்தான் இழுத்தேன். குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீடு. அப்போது எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. என்னை வரச்சொன்னவர் அந்த வீட்டு மருமகள், பள்ளிக்கூட டீச்சர். "பிரிண்டர் கீழ இருக்கு சார். கொஸ்டின் பேப்பரை மாடியிலேர்ந்தே அடிக்கணும்" என்றார்.

பிரிண்டர் வெறும் சாக்கு என்று கொஞ்ச நேரத்தில் அவரே சொல்லிவிட்டார். கணவர் மஸ்கட்டில் வேலை. வாராவாரம் தன் குரலைப் பதிந்து இமெயிலில் அனுப்புவார். அது கூடத்துக் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். மகன் குரல் என்றால் மாமனாருக்கு உயிர். ஸ்பீக்கரில் போட்டு வீட்டையே கூட்டிவிடுவார். போன மாதம் டீச்சர் பெயருக்குத் தனியாக ஒன்று வந்திருந்தது. அவர் இன்னும் திறக்கவில்லை. கேபிள் வந்தால் அதை மாடியில் தன் கம்ப்யூட்டரிலேயே தனியாகக் கேட்கலாம் என்பது அவர் எண்ணம். ஹெட்போன் மாட்டிக் கேட்கலாமே என்றேன்.

"காதை மூடிக்கலாம் சார். மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

கேபிளில் கோளாறில்லை. ஆனாலும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்க்க மாட்டேன் என்றன. மாடிப்படி ஏறி இறங்கியே கால் ஓய்ந்தது. முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியில் பார்த்தேன். என் வித்தை அப்போது அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே பெயர்: அய்யனார். அந்த வீட்டில் டிராக்டர், பம்ப்செட், கதிரடிக்கும் மெஷின் எல்லாமே அய்யனார்தான். எது வாங்கினாலும் மாமனார்ப் பெரியவர் குலதெய்வத்தின் பெயரை வைத்துவிடுவார். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் நெட்வொர்க் ஏற்காது.

சாமி பெயரை எடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். டீச்சர் தரையைப் பார்த்தபடி நின்றார். கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கீழ இருக்கறது அய்யனாராவே இருக்கட்டும் தம்பி. மாடியில இருக்கறதுக்கு மருமக பேரை வைங்க. அது கேக்கவேண்டியது ஒண்ணு ரொம்ப நாளா இங்கயே கெடக்கு."

இன்று என் வீட்டில் போனும் டிவியும் தாமாகவே ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்கின்றன. ஆளுக்கொரு இயர்போன். இந்த வசதி எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெரியவரை நினைத்தால் மனசு நிறைந்துவிடும்.

பெயரை மாற்றியதும் மாடித் திரையில் அய்யனார் தெரிந்தார். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கீழே வந்து சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து பெரியவருடைய மகனின் குரல் லேசாகக் கேட்க ஆரம்பித்தது. பெரியவர் ஒரு நொடி தலையை நிமிர்த்தினார். பிறகு ரிமோட்டை எடுத்து, டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.