கொழுந்தியா கூடாது

போடியில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியறையில் இருந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகாராணிக்கு, சம்பளமில்லாத இன்னொரு சோலியும் உண்டு. ஏலக்காய் காயவைக்கும் அறையில் சூடு கூடினால் போனுக்குத் தகவல் அனுப்பும் மென்பொருளைச் சிலர் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் முன்வராததால் அந்தக் குழுவை நடத்தும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

குழுவில் அவள் எல்லோருக்கும் அக்கா. ஆண்கள் ஒருவருக்கொருவர் மாப்ளே. மலைத்தோட்டத்திலிருந்து கலையரசி வந்து சேர்ந்தபோதுதான் வினை பிடித்தது. அவள் எல்லோருக்கும் இளையவள். மாப்ளே என்றும் கூப்பிட முடியாது, அக்கா என்றும் முடியாது. தங்கச்சி என்றால் கேலிக்கு இடமில்லை. மகாராணியின் சித்தி மகன் யோகராஜ் ஒரு முறையைக் கண்டுபிடித்தான்: கொழுந்தியா. மனைவியின் தங்கை, கேலி பேச ஊரே உரிமை கொடுத்த உறவு. அவள் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும், "கொழுந்தியா கைபட்டா கோடிங்கும் மணக்குது" என்கிற ரகத்தில் எழுதினான். மற்றவர்கள் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டார்கள்.

கலையரசி ஒருநாள் எழுதினாள்: "இது நிக்கிற வரைக்கும் என் வேலை வராது."

சிக்னல் இல்லாத மலையிலும் மென்பொருளை ஓடவைக்கும் பகுதி அவளுடையது. அது பழுதாகிக் கிடந்தது. அறுவடையோ தொடங்கிவிட்டது.

மகாராணி நடத்தை விதிகளை எழுதி முன்வைத்தாள். முதல் விதி: பெயர் சொல்லி அழைக்க வேண்டும், முறை வைத்து அழைக்கக் கூடாது. மீறினால் ஒரு மாதம் வெளியே.

"விதியெல்லாம் போட்டா குடும்பம் மாதிரி இருக்காதேக்கா," என்றான் குழுவில் ஒருத்தனான தங்கபாண்டி, வீடியோ கூட்டத்தில்.

"குடும்பம் மாதிரி இருக்கிறதுதான்டா தொல்லையே."

"பாசமா கூப்பிட்டா தப்பில்லன்னு ஒரு வரி சேத்துருவோம்."

"பாசமா இல்லையான்னு யாரு சொல்றது? கூப்பிடுறவனா, கேக்குறவளா?"

"அப்ப எப்படித்தான் கூப்பிட?" என்றான் யோகராஜ்.

"அவுக வீட்டுல பேருன்னு ஒண்ணு வச்சிருக்காக. அதைச் சொல்லு."

அதோடு விட்டார்களா? அண்ணே என்பது முறையா மரியாதையா என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். ஒருவழியாக ஓட்டெடுப்பில் விதி நிறைவேறியது. கலையரசிக்குச் செய்தி போனது. அதன் கீழேயே யோகராஜ் எழுதினான்: "விதி வந்துருச்சு, இனி வெரசா வாங்க கொழுந்தியா."

மகாராணி தலையில் அடித்துக்கொண்டாள். அவனை ஒரு மாதத்துக்கு வெளியே தள்ளி, காரணத்தையும் எல்லோரும் பார்க்க எழுதினாள். சாயங்காலமே சிலமலையிலிருந்து சித்தியின் போன்.

"தம்பிக்காரனை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டியாமே?"

"கதவெல்லாம் இல்ல சித்தி. கம்ப்யூட்டர்ல."

"அப்புறமென்ன, தொறந்து விடு."

"மாட்டேன்."

மறுநாள் கலையரசியின் வேலை வந்தது, ஒரு குறிப்போடு: "மகாராணி, சூடு பாக்குற இடத்துல நீங்க எழுதின வரி தப்பு. மாத்தியிருக்கேன்."

அக்கா இல்லை. மகாராணிக்குச் சுருக்கென்றது. நீளமாக ஏதோ எழுதினாள், அழித்தாள். பிறகு, "சரி, கலையரசி" என்று மட்டும் போட்டுத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டாள்.