துவைக்காத ஞானஸ்நான உடுப்பு

பச்சைப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றதும் உங்கள் வீட்டில் முதல் விரல் யாரை நோக்கி நீளும்? பெற்றவளைத்தானே?

பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் சாலோமியை நோக்கியும் அப்படித்தான் நீண்டது. மறுநாள் அவள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம். பந்தல் போட்டாயிற்று, பிரியாணிக்கும் சொல்லியாயிற்று. பிள்ளையோ பால் குடிக்கவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளித்துக் கிடந்தது.

“நீ என்னத்தத் தின்னு தொலச்சியோ, பாலுல எறங்கியிருக்கு,” என்றார் மாமியார் டெபோரா, ஓய்வுபெற்ற டீச்சர். “எளவெயில்ல காட்டு, சரியாப் போவும்.”

“தெனமும் காட்டுதேன் அத்தை. கூடிக்கிட்டுல்லா போவுது.”

பிற்பகலில் துணி மாற்றும்போது சாலோமியின் கை அப்படியே நின்றது. பால் விடாத கருப்பட்டிக் காப்பி நிறத்தில் மூத்திரம்.

“நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

“ஏட்டி, நாளைக்குச் சபையே வந்து காத்திருக்கும். ஊரு என்ன பேசும்?”

“பேசட்டும். பிள்ளை இருந்தாத்தான ஞானஸ்நானம்?”

அவள் கணவன் எஸ்றா அம்மாவைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். பைக் சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சங்கரி ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் நர்ஸை அவசரப்படுத்தினார். “ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. உள்ளுக்குள்ளயே அணுக்கள் உடையுது. உடனே ஏத்தணும்.” பிறகு சாலோமியிடம் திரும்பி, “வீட்ல துணிக்கு அந்துருண்டை போடுவீங்களா?” என்றார்.

சாலோமிக்கு ஞானஸ்நான உடுப்பு நினைவுக்கு வந்தது. எஸ்றாவின் குடும்பத்துக்கு ஒரு வெள்ளை லேஸ் உடுப்பு உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஞானஸ்நானத்தில் அதுதான். துவைத்தால் லேஸ் இற்றுவிடும் என்று யாரும் அதைத் தண்ணீரில் நனைத்ததில்லை. டெபோராவின் தகரப் பெட்டியில் அந்துருண்டைக்கு நடுவே கிடக்கும். புதன்கிழமை அளவு பார்க்கப் போட்டவர்கள், அழகாயிருக்கிறதென்று கழற்றவே மனமில்லாமல் விட்டார்கள். பிறகு தொட்டிலிலும் அதையே விரித்தார்கள்.

அவள் இதைச் சொல்லக் கேட்டதும் சங்கரி விளக்கினார்: அந்துருண்டையின் நெடி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போய் நஞ்சாக மாறும். அது சிவப்பணுக்களை அரிக்கும். அரிக்காமல் காக்கும் பொருளை அணுவுக்குள்ளேயே ஓயாமல் தயாரிக்க உதவுவது ஜி6பிடி என்ற நொதி. அந்த நொதி ஒரு வேலை முடிந்ததும் தேயாமல் அடுத்த வேலைக்கு நிற்கும். அந்த நொதி போதாத உடம்பில், நஞ்சு வந்தால் அணுக்கள் உடையும். இவனுக்கு அந்தக் குறை இருக்கும் என்றுதான் சந்தேகிக்கிறேன்.

ரத்தம் சொட்டத் தொடங்கியபோது டெபோரா வந்து சேர்ந்தார். அழுத கண். கையில் அதே உடுப்பு.

“போதகரக் கூப்பிட்டிருக்கேன். எதுவும் ஆகுமுன்ன இங்கனயே ஞானஸ்நானம் குடுத்துருவோம். இத மாட்டு.”

நெடி அறைக்குள் நுழைந்தது. சாலோமி வாசலை மறித்து நின்றாள்.

“அத்தை, அத வெளிய கொண்டு போங்க.”

“இவன் அப்பனே போட்டது ஏட்டி! அவனுக்கு என்ன ஆச்சு?”

“அவுகளுக்கு நொதி இருந்துச்சு. இவனுக்குப் பத்தல.”

“அப்ப உன் வழியில வந்த கோளாறுதான?”

ஆமாம், ஆண் பிள்ளைக்கு இந்தக் குறை தாயின் மரபணு வழியாகத்தான் வருகிறது. அது தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாமல் சுமந்தவள் குற்றவாளி, பெட்டி நிறைய நஞ்சை வைத்துப் பூட்டிய பரம்பரை மட்டும் புனிதமா?

“என் வழியாவே இருக்கட்டும்,” என்றாள் சாலோமி. “இப்ப உசிரு வேணும்.”

எஸ்றா அம்மாவின் கையிலிருந்து உடுப்பைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தான்.

ஞாயிறு காலை கோயில் மணி கேட்டபோது, பிள்ளையின் துணியில் காப்பி நிறம் வெளுத்திருந்தது. பசித்து அழுதான். நொதிக் குறை உறுதியானது பின்னால் எடுத்த பரிசோதனையில்தான்.

உங்கள் வீட்டுத் துணிப்பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். பிள்ளைத் துணியோடு கிடக்கும் அந்துருண்டையை வெளியே எறியுங்கள். துணியைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, நெடி போன பிறகே பிள்ளைமேல் போடுங்கள். பிள்ளை மஞ்சளித்தால் வெயிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீட்டிய விரலை மடக்கிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.