அப்பா பாலத்தூரில் மாட்டிக்கொண்ட கதை

அப்பாவை ஆண்டவரிடம் அனுப்பிவைத்து ஒரு வருடம் நிறைவாகிறது. இன்றைய ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். உங்களில் பாதிப் பேர், கல்யாணப் பந்தியில் அப்பா பாலத்தூர் கதையை ஆரம்பித்த உடனே, தயிர்ப் பச்சடி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனவர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். இன்று நீங்கள் எழுந்து போக முடியாது. அப்பாவின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். அந்த ஊரைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

அப்பா பிறந்தது மாதனூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, மிஷின்களைப் பார்த்துப் பார்த்தே பிட்டர் ஆனார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஜெபத்தில் மட்டும்தான். ‘மாட்டேன்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. அடக்க ஆராதனையில் போதகர் ஐயா இதை நற்குணம் என்றார். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிரான்ஸ் தேசத்துச் சின்ன ஊர் ஒன்றில் மூடிப்போன டேனரியின் மிஷின்களை எங்கள் முதலாளி விலைக்கு வாங்கினார். முக்கியமானது, தோலைக் கத்தியால் இரண்டு அடுக்காகப் பிளக்கும் பெரிய மிஷின். அதைக் கழற்றி லாரியில் ஏற்றி அனுப்ப அப்பாவும், உடன் வேலை பார்த்த காதர் மாமாவும் போனார்கள். அம்மா அப்போது தம்பியைச் சுமந்துகொண்டிருந்தார். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போயிருந்தது. அதனால் பிரசவத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று அப்பா வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பாரிஸ்காரர் என்று நீங்கள் எல்லாரும் அவரைக் கேலி செய்தீர்கள். பாரிஸை அவர் விமான நிலையக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. போன ஊரின் பெயர் எங்கள் வீட்டில் யாருடைய நாக்கிலும் நிற்கவில்லை. ஒரே ஒரு பாலம் இருந்ததால் அப்பா பாலத்தூர் என்று வைத்துக்கொண்டார்.

இரண்டு காட்டு மலைகளுக்கு நடுவே இடுக்கில் கிடக்கிற ஊர் அது. ஆறு மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடும். நாலாவது பக்கம் செங்குத்தான மலை. வண்டி வெளியே போகவேண்டுமானால் பாலம் ஒன்றுதான் வழி. குளிர்காலத்தில் சூரியன் ஒரு மலையில் எட்டிப் பார்த்து, மதியச் சாப்பாடு முடிவதற்குள் எதிர் மலையில் இறங்கிவிடும். “கெணத்துக்குள்ள எறங்கி நிக்கிற மாதிரி இருக்கும்மா. மேல பாத்தா கொஞ்சம் வானம், அவ்ளோதான்” என்பார்.

மிஷினைக் கழற்றி முடித்து லாரியில் ஏற்றிய அன்று காலை, பாலத்தின் குறுக்கே டிராக்டர்கள் நின்றன. அந்த டேனரியில் வேலை போனவர்கள் மறித்திருந்தார்கள். தங்களுக்கு ஒரு வழி சொல்லாமல் மிஷின் ஊரை விட்டுப் போகக்கூடாது என்பது அவர்கள் பிடிவாதம். ஊர் ஆபீசில் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண்மணி அதை அப்பாவுக்கும் மாமாவுக்கும் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: உங்கள் மேல் கோபமில்லை, நீங்கள் தாராளமாகப் போகலாம்.

பாலம் மனிதர்களுக்குத் திறந்துதான் இருந்தது. மிஷினுக்குத்தான் மூடியிருந்தது. ஆனால் ஆம்பூருக்குப் போன் போட்டபோது முதலாளி சொன்னது வேறு. “மிஷினோட வாங்க. மிஷின் இல்லாம வந்தா அப்டியே ஊட்டுக்குப் போய்டுங்க, ஷெட் பக்கம் வராதீங்க.”

ஊர் ஆபீஸ் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் போன். அங்கிருந்து எங்கள் எதிர்வீட்டு டெய்லர் வீட்டுப் போனுக்கு அப்பா பேசினார். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன்.

“ஏங்க, உங்களை யாரு புடிச்சு வெச்சிருக்காங்க?” என்று அம்மா கேட்டார்.

யாரும் பிடிக்கவில்லை, மிஷினைத்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

“அப்ப மிஷின் கெடக்கட்டும். நீங்க நடந்து வாங்க.”

அம்மா பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனை வைத்தார்.

அதன்பின் ஒரு மாதத்துக்கு மேல் அப்பாவுக்கு வேலை எதுவுமில்லை. பகலெல்லாம் ஊரைச் சுற்றி நடந்தார். அந்த ஊரில் அவருக்குத் தெரியாத இடமில்லை. பாலத்தைத் தாண்டித் தெரிந்த இடமும் இல்லை. ஆற்றோரம் பெண்கள் அந்தக் காலத்தில் துணி துவைத்த கல் மண்டபம், கூரையோடு அப்படியே இருந்ததாம். சதுக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கும் கல் சிப்பாய். அவன் காலடியில் சண்டையில் செத்த ஊர்க்காரர்களின் பெயர்கள். ஒரே வீட்டுப் பெயர் அடுத்தடுத்து வரும். அதற்குப் பின்னால் கோயில். அதன் மணி, ஒவ்வொரு மணி நேரமும் அடித்துவிட்டு, கேட்காதவர்களுக்காக மறுபடியும் அடிக்குமாம். “கேக்காதவன் அந்த ஊர்ல எவன் இருக்கான்? ராவெல்லாம் தூக்கமே இல்ல” என்று காதர் மாமா இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வார்.

டேனரி அந்த ஊரின் பாட்டன் முப்பாட்டன் காலத்தது. மேல் மாடியில் தோல் காய்வதற்கு மரச் சட்டங்களாலேயே சுவர் வைத்திருந்தார்கள், காற்று ஊடுருவிப் போக. அதில் ஆயுள் முழுக்க வேலை செய்த ஒரு பெரியவர், பாலத்தை மறித்தவர்களில் ஒருவர், அப்பாவோடு சிநேகமானார். ஜான் ஐயா என்றே அப்பா அவரைக் கூப்பிட்டார். மலை மரத்துப் பட்டையில் அங்கே தோல் பதனிட்ட காலத்தை அவர் கையால் காட்டினார். நம் பக்கம் ஆவாரம் பட்டை என்று அப்பா கையாலேயே பதில் சொன்னார். பாலத்தின் வளைவில் ஒரு பகுதிக் கல் மட்டும் புதிதாக இருந்தது. போரில் எதிரி வரக்கூடாதென்று ஊர்க்காரர்களே அதை வெடிவைத்து உடைத்தார்களாம். ஜான் ஐயா ‘டம்’ என்று வாயால் வெடித்துக் காட்டியதை அப்பா ஒவ்வொரு பந்தியிலும் வெடித்துக் காட்டினார். நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள், பச்சடிக்குப் போயிருப்பீர்கள்.

பெரியவரின் மனைவி மதியம்தோறும் இருவருக்கும் சூப் கொண்டுவந்தார். கணவர் பாலத்தை மறிப்பார். மனைவி மறிக்கப்பட்டவர்களுக்குச் சோறு போடுவார். முதல் நாள் காதர் மாமா மூக்கைத் தூக்கிப் பிடித்துப் பன்றி போல உறுமிக் காட்டி, அதுவா என்று கேட்க, அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாராம்.

ஒருநாள் ஜான் ஐயா அப்பாவை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்த் தண்ணீரைக் காட்டினார். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. அதைப் பார்த்து அந்த மனிதர் அழுதார். தண்ணீர் தெளிந்ததற்கு ஒருவர் ஏன் அழவேண்டும் என்று எனக்குச் சின்ன வயதில் புரியவில்லை. அப்பா பின்னாளில் சொன்னார்: “அவங்க ஆறு தெளிஞ்சிது, வேலை போய்டுச்சு. நமக்கு வேலை வந்துது, கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியல. நடுவுல நான் ஸ்பானரோட நின்னுனு இருந்தேன்.”

தம்பி பிறந்த செய்தியை அப்பா அந்தக் கண்ணாடிக் கூண்டில் நின்றுதான் கேட்டார். தாயும் பிள்ளையும் நலம் என்று டெய்லர் கத்தினார். அம்மா போனுக்கு வரவில்லை. ஊர் ஆபீசும் கம்பெனியும் பேசி ஏதோ முடிவாகி, டிராக்டர்கள் விலகி, மிஷின் பாலம் தாண்டி, அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தம்பி சிரிக்கத் தொடங்கியிருந்தான். அம்மா சொன்னது ஒன்றுதான்: “மிஷின் சௌக்கியமா?”

பாலத்தூரிலிருந்து அப்பா திரும்பவே இல்லை என்பது அம்மாவின் கட்சி. பாதி சரி. அந்த மிஷினின் வயிற்றுக்குள் இருப்பது அப்பாவுக்கு மட்டும் அத்துப்படி. ஞாயிறு ஆராதனையின் நடுவில் ஆள் வந்து நிற்கும், மிஷின் நின்றுபோச்சு என்று. ஒரு பெரிய ஷூ கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. முதலாளி “நீங்க கொண்டாந்த மிஷின், நீங்களே பாத்துக்கோங்க” என்றார். அப்பா வழக்கம்போல மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு வர நேரமானால் அம்மா, “பாலத்துல நிக்கிறாரு” என்று எங்களுக்குச் சோற்றைப் போட்டுவிடுவார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் டேனரியும் ஓய்ந்தது. மிஷினைக் கல்கத்தா பக்கம் ஒருவர் வாங்கினார். கழற்ற அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேலை போனவர்கள் கேட்டை மறித்தார்கள். அப்பாவும் காதர் மாமாவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். நீங்கள் போகலாம், மிஷின் போகாது என்று வந்தவர்களிடம் சொல்லியாயிற்று. அவர்கள் போகவில்லை. ஷெட்டுக்குள் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

“லூசுப் பசங்களா இவனுங்க? கேட்டைத் தொறந்து வுட்டும் உக்காந்துனு இருக்கானுங்க” என்று கூட்டத்தில் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, “ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டு” என்றார். அம்மா உடனே கட்டிக்கொடுத்தார்.

கேட்டில் ஒருவர், “இன்னாண்ணே, அவனுங்களுக்குச் சோறு வேறயா?” என்று மறித்தார்.

“அவன் இன்னாடா பண்ணான்? கழட்டச் சொன்னாங்க, கழட்றான்.”

வந்தவர்களில் ஒருவருக்கு வீட்டில் தாய் படுத்த படுக்கை என்று தெரிந்தது. அப்பா காதர் மாமாவை அழைத்துக்கொண்டு போன் பூத்துக்குப் போய், அவர்களுடைய முதலாளியிடம் மாமாவின் உருதுவில் பேசவைத்தார்: மிஷினுக்கு நான் பொறுப்பு, இங்கே தகராறு தீர்ந்ததும் நானே ஏற்றி அனுப்புவேன், இவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், வேலையை விட்டு நீக்காதீர்கள். அந்த ஆள் என்ன நினைத்தாரோ, சரி என்றார். இரண்டு பேரும் அன்றே ரயில் ஏறினார்கள். அதன்பின் பேச்சுவார்த்தை முடிகிறவரை, கரண்ட் பிடுங்கிய அந்த ஷெட்டுக்குள் அப்பாதான் காவல் உட்கார்ந்தார். தனக்கு ஒருவரும் செய்யாததை அவர் இன்னொருவருக்குச் செய்தார். எனக்கு அதில் பெருமை உண்டு, கோபமும் உண்டு. ஏனென்றால் இந்த முறையும் உள்ளே உட்கார்ந்தது அவர்தான்.

சொன்னபடி மிஷினை ஏற்றி அனுப்பினார். பிறகு சில வருடங்களே இருந்தார். இருதயம் இளைத்துவிட்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும், முகம் சுளிக்காமல் உடம்பு துடைத்துவிட்ட நர்சுகளுக்கும், ஜெபித்த சபையாருக்கும், சாப்பாடு சுமந்த சித்தப்பாவுக்கும், கடைசிவரை கட்டிலருகே இருந்த காதர் மாமாவுக்கும் குடும்பத்தின் நன்றி. பாலத்தூர் ஜான் ஐயாவுக்கும் அவர் மனைவிக்கும் நன்றி. அவர்கள் இருக்கிறார்களோ இல்லையோ, இந்த மலர் அவர்களுக்குப் போய்ச்சேரப் போவதில்லை.

கடைசி நன்றி அம்மாவுக்கு. முடிவு நாளில் அப்பாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. மூச்சுக்குத் தவித்தார், ஆனால் போகமுடியாமல் எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கம்பியைப் பற்றிக்கொண்டு, “பாலம் தொறந்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா குனிந்து, கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“தொறந்தாச்சுங்க. மிஷின் கெடக்கட்டும். நீங்க நடந்து வாங்க.”

அம்மா சொன்னதை அன்று அப்பா கேட்டார்.