பள்ளிக்கூடம் ஏறிய காய்வெட்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு மழையை ரசிக்கத் தெரியாது. கிராம நிர்வாக அலுவலகத்தில் வேலை. மலையில் மழை கனத்தால் பழையாற்றுப் பாலத்துத் தூணில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்து, தண்ணீர் எதுவரை ஏறியது என்று மேலதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். கோடு மூழ்குமுன் ஆற்றங்கரைத் தெருவைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தெருவில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். சொந்தக்காரர்களிடம் அரசாங்க உத்தரவு செல்லாது.

அந்த வருடம் எச்சரிக்கை வந்த மத்தியானம் தெருவில் ஒரு கல்யாண வீட்டுக் காய்வெட்டு. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் தெருவே கூடி உட்கார்ந்து விருந்துக்குக் காய் நறுக்கும். வெட்டு முடியாமல் எழும்பிப் போனால் அந்த வீட்டையே அவமதித்த மாதிரி. வடசேரிச் சந்தையிலிருந்து வந்த சேனையும் தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணியும் முற்றத்தில் குவிந்து கிடந்தன.

"தண்ணி கோட்டத் தொட்டாச்சு. பொழுது சாயுமுன்ன தெருவுக்குள்ள வந்திரும். எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்க!" என்று கத்தினேன். ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை.

என் சித்திதான் வாயைத் திறந்தாள். "ஏட்டி, வந்ததுதான் வந்த, அந்தத் தடியங்காயப் புடி. தொலி சீவிட்டு உத்தியோகம் பாரு."

கல்யாணப் பெண்ணின் அப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மக்கா, எனக்கு ஒரே பிள்ள. நாளைக்குக் காலையில முகூர்த்தம். இந்த முற்றத்த விட்டு இறங்கினா கல்யாணம் நின்னுபோச்சுன்னுல்லா மாப்பிள்ள வீட்டுல நெனப்பாவ?" குரல் உடைந்தது. அவர் கிளம்பாமல் தெரு கிளம்பாது. ஆறு யாருக்கும் காத்திருக்காது.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போகும். சித்தியின் முன்னாலிருந்த சேனைக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். "மிச்சத்த பள்ளிக்கூடத்துல வெட்டலாம் மாமா. கல்யாணமும் அங்கதான்" என்று சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தேன்.

"ஏட்டி, எங் காயி!" சித்தி அரிவாள்மணையோடு பின்னால் ஓடி வந்தாள். அவள் எழும்பியதும் ஆளுக்கொரு கூடையோடு தெருவே எழும்பிவிட்டது. சமையல்காரர்கள் பெரிய வார்ப்புப் பாத்திரங்களைக் கம்பு கோத்துத் தூக்கினார்கள். கடைசியாகப் பெண்ணின் அப்பா, குத்துவிளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். இடம் மட்டும்தான் மாற்றம் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்தேன். "பாயசம் உண்டும்லா?" என்றுதான் கேட்டார்கள்.

மறுநாள், கிறிஸ்தவ சபை நடத்தும் அந்தப் பள்ளிக்கூடத்து மண்டபத்தில், கரும்பலகைக்கு முன்னால் தாலி கட்டு நடந்தது. சபைக்காரர்கள் பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்துத் தந்தார்கள். வெள்ள நிவாரண முகாமைப் பார்வையிடச் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு வந்த அதிகாரியைச் சித்தி விடவில்லை. பந்தியில் உட்காரவைத்தாள். அவர் சேனை போட்ட எரிசேரிக் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

பந்தி முடிந்ததும் பெண்ணின் அப்பாவும் நானும் மேட்டின் ஓரத்தில் நின்று அவர் வீட்டைப் பார்த்தோம். பந்தல் போயிருந்தது. நேற்று அத்தனை பேர் உட்கார்ந்திருந்த முற்றம் மூழ்கி, வாசலில் கட்டிய வாழைகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

"ஒருத்தர விடாம அழைச்சேன் மக்கா. ஆத்துக்கு யாரு வெத்தில வச்சு அழைச்சா?" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"வந்தும் பட்டினியாத்தான் போகுது மாமா" என்றேன்.